டிலக்சி கைகாட்டின பக்கம்

ஓம், ஒலிப் பாடம் லேசுதான். தகரப் பேணியும் நூலும் இருந்தாக் காணும் எண்டுதான் நானும் நினைச்சனான். பகலில நெல்லு மில்லில மூட்டை தூக்கி, இரவு வகுப்பில படிச்சு வாத்தியான ஆள் நான். விஞ்ஞானம் படிப்பிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: பரிசோதனை எண்டு வெளிக்கிட்டா, புத்தகத்தில இல்லாததுதான் நடக்கும்.

பேணி ரெலிபோன்

ரெண்டு பால்பேணியை நூலால இணைச்சு, ஒராள் கதைக்க மற்றாள் கேக்கிறது. எட்டாம் வகுப்பு டிலக்சி பேணியை வலது காதிலயே வச்சிருந்தாள். "மற்றக் காதிலயும் வச்சுப் பாரம்மா" எண்டன். வச்சாள். அங்கால நிதுசன் மெல்லமா என்னவோ கேக்கிறான். இவள் சும்மா சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள். நூல் தளந்துபோச்செண்டு நான் இழுத்துக் கட்டினன். நிதுசன் பகிடி விட்டான்: "சேர், நூல் நல்லாத்தான் இருக்கு, இவளுக்குத்தான் சிக்னல் இல்லை!"

குளக்கட்டில

இயற்கையில வாற சத்தங்களைக் கேக்கக் காட்டோரக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனன். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வாற பக்கத்தைக் கையால காட்டவேணும். மயில் கத்திச்சு, காட்டிச்சினம். பிறகு கொப்பு முறியிற சத்தம். எல்லாக் கையும் காட்டுப் பக்கம். டிலக்சியின்ர கை மட்டும் குளத்துப் பக்கம்.

நான் திரும்பிப் பாத்தன். பாலை மரத்துக்குப் பின்னால யானை.

"கத்தாமல் எழும்பி, சத்தத்துக்கு எதிர்ப்பக்கமாப் போங்கோ" எண்டன். எல்லாரும் குளத்துப் பக்கம் இறங்கிச்சினம். முன்னுக்கு இருந்த டிலக்சி ஒருத்தரையும் பாக்காமல் நேர காட்டுக்கு நடந்தாள். ஓடிப்போய்க் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தன். யானை அசையேல்ல. அவள் முறைச்சாள்: "நீங்கள்தானே சேர் எதிர்ப்பக்கம் போகச் சொன்னனீங்கள்?"

படலையடியில

பின்னேரம் வீட்டு வாசல்ல தாயைப் போய்ப் பாத்தன். அவாக்கு முதலே தெரியும். "கதையை வெளியில விடாதேங்கோ சேர். செவிடி எண்டு பேர் வச்சா, பிறகு ஆர் கட்டுவினம்? ஒரு காது வடிவாக் கேக்குதுதானே."

"கேக்குது தங்கச்சி. எங்கயிருந்து எண்டுதான் தெரியேல்ல. அதுக்கு ரெண்டு காதும் வேணும்."

பிள்ளை தினமும் தனிய நடந்து வாறது காட்டோரப் பாதையால. தாய் அந்தப் பாதையை எட்டிப் பாத்தா. பிறகு கேட்டா: "காது காட்டக் கிளிநொச்சிக்குப் போகேக்க நீங்களும் வருவியளே சேர்? டொக்டர் சொல்லுறது எனக்கு விளங்காது."

இண்டைக்குத்தான் அந்த நாள். சுகமாகுமோ எண்டு என்னைக் கேக்காதேங்கோ, டொக்டரைத்தான் கேக்கவேணும். இந்தா, தாய் கூப்பிடுறா: "சேர், ஓட்டோ வந்திட்டுது, கெதியா வாங்கோ!"

வாறன் தங்கச்சி. இவ்வளவு காலமும் ஒலிப் பாடம் படிப்பிச்சவன், இனித்தான் ஆஸ்பத்திரி வாங்கில குந்தியிருந்து அதைப் படிக்கப்போறன்.