மரித்தோர் பட்டியலில் நான் சேர்த்த பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதத்து மாலையில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோயிலில் நடந்த விஷயம் இது. நாலு பேருக்கு முன்னால் பெருமையாகச் சொல்லக்கூடிய கதை இல்லை. வெளியே ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்து வைத்திருந்து நெஞ்சு கனத்துப் போனதால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் புதுக்கடை கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு லோயரிடம் கிளார்க் வேலை. மனைவி இத்தாலியில். அங்கே ஒரு வயதான அம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, சக்கர நாற்காலியில் வைத்து உலாத்தக் கூட்டிப்போகும் வேலை அவளுக்கு. பிள்ளைகள் இல்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் டீவிதான் பேசும், நான் கேட்பேன். ஒரு ஆளுக்குச் சோறாக்கி, ஒரு கோப்பையைக் கழுவி வைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஏழு மணிக்கே எல்லா வேலையும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அந்தத் தனிமை தாங்காமல்தான் எங்கள் கோயிலின் ஆண்கள் சபையில் சேர்ந்தேன். சேவை மனப்பான்மை என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முப்பது நாற்பது பேர் இருப்போம். ஒருவரையொருவர் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவோம். ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது வசதி இல்லாத பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்போம். ஆஸ்பத்திரியில் பார்க்க ஆள் வராமல் கிடப்பவர்களுக்குச் சவர்க்காரம், துவாய், பிஸ்கட் கொண்டுபோவோம். தூக்க ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மரணம் என்றால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பெட்டி தூக்குவோம். கடவுள் என்னை மன்னிக்க வேண்டும், பெட்டி தூக்கும்போதுகூட என்னோடு ஐந்து பேர் நிற்கிறார்களே என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் வரும்.

இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. தனியாக இருக்கும் வயதானவர்களை மாதம் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இருவர் இருவராகத்தான் போக வேண்டும் என்பது சபையின் விதி. மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து நின்று, போனோம், இப்படி இருக்கிறார், இன்னது தேவை என்று சொல்ல வேண்டும்.

எனக்கும் இன்னொரு பிரதருக்கும் கிடைத்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். எண்பது தாண்டியவர். ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் ஒரே ஒரு அறையில் இருந்தார். கீழே வேறொரு குடும்பம். முழங்கால் சரியில்லாததால் படி இறங்க மாட்டார். ஒழுங்கையின் முனையிலிருக்கும் சாப்பாட்டுக் கடையிலிருந்து பார்சல் வரும். மனைவி இறந்து ஏழெட்டு வருடம். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. நாங்கள் போனால் மனிதருக்குக் கதைத்து முடியாது. அரசியலில் தொடங்கி, மீன் விலைக்கு வந்து, கடைசியில் மனைவியில் வந்து நிற்பார். முந்தின வருடம் நவம்பர் பட்டியலுக்காக மனைவியின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி என் கையில்தான் கொடுத்தார். நவம்பரில் மரித்த ஆன்மாக்களுக்காக ஒரு பூசை வைத்து, வீட்டுக்காரர்கள் கொடுத்த பெயர்களையெல்லாம் வாசித்து மன்றாடுவது எங்கள் வழக்கம். டைப் அடிக்கத் தெரிந்தவன் என்பதால் பட்டியல் தயாரிப்பதும் வாசிப்பதும் என் பொறுப்பு.

என்னோடு வந்த பிரதருக்கு இது நடந்த வருடம் நெஞ்சில் ஒப்பரேஷன் செய்தார்கள். பிறகு நான் தனியாகத்தான் போக வேண்டியிருந்தது. இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை போகவில்லை. நேரமில்லை, மழை, லோயர் விடவில்லை என்று சாக்குப்போக்கு எத்தனையோ சொல்லலாம். உண்மை வேறு. அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, சுவரில் ஒரு படம். தனியாக அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, இன்னும் இருபது வருடத்தில் நான் இப்படித்தான் இருக்கப் போகிறேன் என்று தோன்றிவிட்டது. பயந்துபோனேன். அந்தப் பயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் மாதக் கூட்டம் வந்ததும் எழுந்து நின்று, "போனேன் பிரதர், சுகமா இருக்கார்" என்று கூசாமல் சொன்னேன். அடுத்த மாதமும் அதேதான். அதற்கடுத்த மாதமும் அதேதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஒரு முழு மனிதரையே மறைத்து வைத்திருந்தேன்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, மனச்சாட்சி உறுத்தவே, இன்றைக்காவது போய்த் தொலைவோம் என்று கிளம்பினேன். ஒழுங்கைக்குள் திரும்பினால் மரண வீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடி தொங்குகிறது. கொடி அவர் இருந்த வீட்டு வாசல் கேற்றோடு போய் முடிகிறது. உள்ளே பிளாஸ்டிக் கதிரைகள், நாலைந்து பேர். பெரியவர் போய்விட்டார் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் என்ன வந்தது தெரியுமா? அப்பாடா என்று ஒரு நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதிதான் வந்தது. இனிப் போகத் தேவையில்லை, பொய் சொல்லவும் தேவையில்லை. கேற்றடியில் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். அங்கே நின்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உள்ளே போக வேண்டி வரும், எத்தனை நாளாக வரவில்லை என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

அடுத்த கூட்டத்தில் பெரியவர் காலமாகிவிட்டார் என்றேன். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பிரதர், சொல்லியிருந்தா பெட்டி தூக்க நாங்க வந்திருப்போமே?"

"சொந்தக்காரங்க வந்து உடனே எடுத்துட்டாங்க பிரதர்" என்றேன். இல்லாத சொந்தத்தை நானே உண்டாக்கிக் கொடுத்தேன்! எல்லோரும் எழுந்து நின்று அவருக்காக ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொன்னோம். பார்க்கப்போக வேண்டியவர்களின் பட்டியலிலிருந்து அவர் பெயரை வெட்டினார்கள். நவம்பர் பட்டியலில் அதை நானே சேர்த்தேன்.

நவம்பர்ப் பூசை ஐந்தரை மணிக்கு. கோயில் நிறைந்திருந்தது. பூசையின் நடுவில் மைக் முன் போய் நின்று வாசிக்கத் தொடங்கினேன். பத்துப் பத்துப் பெயராக வாசித்து நிறுத்த, சனம் முழுக்க, "நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று சொல்லும். மூன்றாம் பக்கத்தின் கீழே அவர் பெயர். அதையும் வாசித்தேன். வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால், கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவரின் கை மேலே போகிறது. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது பிள்ளைகள் உயர்த்துவார்களே, அந்த மாதிரி. பாதி உயரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அந்தக் கை மெல்ல இறங்கியது. பெரியவர்தான். வெள்ளை வேட்டி, சட்டை, மடியில் கைத்தடி.

என் யேசுவே! மிச்சப் பெயர்களை எப்படி வாசித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பூசை முடிந்ததும் பின்பக்கத்தால் நழுவிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். அதற்குள் தலைவர் அவர் பக்கத்தில் போய்விட்டார். பெரியவரே கூப்பிட்டு, தான் இன்னார் என்று சொல்லியிருக்கிறார். நானும் போக வேண்டியதாயிற்று. தலைவர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொரி அங்கிள், டைப்பிங் மிஸ்டேக். லிஸ்ட் ரெண்டும் மாறிப்போச்சு போல. பிரதர் பாவம், தனியாளா இருந்து அடிச்சவர்."

யாரோ சொந்தக்காரர் கொண்டுபோய் அடக்கிய மனிதர் இங்கே எப்படி வந்தார் என்று தலைவருக்கும் யோசனை ஓடியிருக்கும். ஆனால் அந்த இடத்தில் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நானும் தலையை ஆட்டினேன்.

பெரியவருக்குக் கோபமே இல்லை. "பறவாயில்லைத் தம்பி. கையை உயர்த்தினனான்தான். பிறகு செபத்துக்கு நடுவில குழப்பக்கூடாதெண்டு இறக்கிப்போட்டன். எனக்குப் பக்கத்தில இருந்தவையும் என்ர பேருக்கு வடிவா மறுமொழி சொல்லிச்சினம். நானும் சேர்ந்து சொன்னன்" என்றார்.

தலைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் இருந்த இருவருக்கும் இவர்தான் அந்தப் பெயருக்கு உரியவர் என்று தெரியாது. என்னோடு வந்த பிரதர் ஒப்பரேஷனுக்குப் பிறகு வீட்டோடு இருந்ததால், அந்தப் பெயரை வாசித்தபோது கோயிலில் அத்தனை சனத்துக்குள் அவருடைய பெயரையும் முகத்தையும் சேர்த்து அறிந்தவன் நான் ஒருவன்தான். நான்தான் அவரைச் சாகடித்தவன்.

தலைவர் போன பிறகு பெரியவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "என்ர பேர் கிடக்கட்டும், எப்பவோ ஒருநாள் வரப்போற பேர்தானே. மனுசியின்ர பேரை ஏன் தம்பி விட்டனீங்கள்? அந்தப் பேரை வாசிக்கிறதைக் கேட்கத்தான் ஓட்டோ பிடிச்சு வந்தனான். கடைப் பெடியங்கள் ரெண்டுபேர் தூக்கி இறக்கிவிட்டவங்கள். கடைசிப் பேர் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தன்."

அவர் பெயர் கொடுப்பது என்னிடம்தான். நான் போகவில்லை, பெயர் வரவில்லை. எட்டு வருடத்தில் அந்த அம்மாவுக்காக மன்றாட்டு நடக்காத முதல் நவம்பர்.

"வாங்க அங்கிள், இப்ப வாசிப்போம்" என்றேன்.

மைக்கை அணைத்துவிட்டார்கள். மின்விசிறியையும் அணைத்துவிட்டார்கள். முன் வாங்கில் அவரை உட்கார வைத்துவிட்டு, அதே இடத்தில் போய் நின்று அந்த அம்மாவின் முழுப்பெயரையும் சத்தமாகச் சொன்னேன். இவ்வளவு பெரிய கோயிலில் அவர் ஒருவர் மட்டும், "நித்திய இளைப்பாற்றியை இவளுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்றார். நடுங்கிய குரல்தான், ஆனால் ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னார்.

அவரை ஓட்டோவில் ஏற்றி, "மல்லி, ஹெமின் யன்ட" என்று டிரைவரிடம் சிங்களத்தில் மெதுவாகப் போகச் சொல்லி, நானும் கூடப் போனேன். அவருடைய படியில் மூன்று படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறினோம். கட்டிலில் அவரை உட்கார வைத்த பிறகு என்னால் அடக்க முடியவில்லை.

"அங்கிள், அது டைப்பிங் மிஸ்டேக் இல்ல. கீழ வெள்ளக் கொடி கட்டியிருந்ததப் பாத்துட்டு, நீங்கதான் போயிட்டீங்கன்னு நெனச்சேன். மேல ஏறிப் பாக்கல்ல. யாருட்டயும் கேக்கவும் இல்ல. அதுக்கு முந்தியும் மூணு மாசம் நான் வரல்ல. வந்தேன்னு சபையில பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கீழ் வீட்டு ஐயா செத்த அண்டைக்கு நீங்கள் வந்ததைக் கண்டனான் தம்பி" என்றார். "சன்னலுக்குள்ளால பார்த்துக்கொண்டு நிண்டன். கேற்றடியில நிண்டு குருசு போட்டனீங்கள். செத்தவீட்டுக்கு வந்த மனுசன், எப்பிடியும் மேல ஒருக்கா எட்டிப் பார்ப்பார் எண்டு தேத்தண்ணி போட்டு மூடி வைச்சனான்."

"பொறகு?" என்றேன். ஏன் கேட்டேனோ.

"பிறகென்ன, பொழுதுபடும் மட்டும் வைச்சிருந்திட்டு நானே குடிச்சன்."

நான் அழுதேன். ஐம்பத்தாறு வயது மனிதன், அந்த ஒற்றைக் கதிரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றாமல் இருந்ததும் சரிதான். சூடை மீன் இப்போது என்ன விலை போகிறது என்று கேட்டார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததை எல்லோருக்கும் சொன்னேன். தலைவர் பட்டியலை எடுத்து, பெரியவரின் பெயரை மறுபடியும் எழுதி, அதற்கு நேரே என் பெயரையும் தன் பெயரையும் எழுதினார். அன்றிலிருந்து சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் இருவரும் போகிறோம். தலைவர் வர முடியாத வாரங்களில் தனியாகவும் போகிறேன். அந்த அறை இப்போதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டே போகிறேன்.

சபையில் சொன்ன பொய்களுக்கெல்லாம் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கிவிட்டேன். ஆனால் ஒரு மனிதர் எனக்காகத் தேத்தண்ணி போட்டு மூடி வைத்துவிட்டு, பொழுதுபடும் வரை படியில் காலடிச் சத்தம் கேட்குமா என்று காத்திருந்தாரே, அந்தப் பின்னேரத்துக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.