செலவாகாத தீவுக் காசு

என் தம்பிக்குக் கப்பலில் சமையல் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மகன் பிறந்தபோது, பார்க்க மலையேறி வந்தவன் பிள்ளையின் கையில் ஒரு காசை வைத்தான். பிள்ளை கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஒரு பக்கம் யாரோ ராணி, மறுபக்கம் கடலுக்கு நடுவே ஒரு பாறை, ரெண்டு பறவை.

"எங்கியோ ஒரு தீவு, அக்கா. கப்பலே எப்பவாவதுதான் போவும். அது பேர்ல அழகுக்குன்னு அடிச்ச காசு. இத்த வச்சி அங்கியே ஒண்ணும் வாங்க முடியாது" என்றான்.

எங்கள் ஊருக்கும் ஜீப் எப்பவாவதுதான் வருகிறது, எங்கள் பேரில் எவன் காசு அடித்தான் என்று சிரித்தேன்.

அந்த ஐப்பசி மழையில் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் பால் குடிக்கவில்லை. மதியம் கண் செருகிவிட்டது. வீட்டுக்காரர் இருந்த காசையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு புதூர்நாட்டுக்கு ஜீப் கூப்பிட ஓடியிருந்தார். பாதையில் மண் சரிந்து கிடக்கிறது என்று ஆடு மேய்க்கிறவர் வந்து சொன்னார்.

எங்கள் பக்கம் பிள்ளைக்கு முடியாமல் போனால் மஞ்சள் துணியில் காசு முடிந்து குலசாமிக்கு வேண்டிக்கொள்வோம். அது சொந்த வீட்டுக் காசாக இருக்க வேண்டும், அடுத்த வீட்டில் கேட்கக் கூடாது. பானை பானையாகத் துழாவினேன். சாமை இருந்தது, கொள்ளு இருந்தது, காசு மட்டும் இல்லை. தீவுக் காசை எடுத்து முடிந்தேன்.

"இன்னாடி இது, செல்லாத காசு? சாமி இத்த வச்சிக்கினு இன்னா பண்ணும்?" என்றார் மாமியார்.

"சாமி இன்னா கடைக்கா போவப் போவுது? வூட்ல வேற இன்னா கீது, நீங்களே சொல்லுங்க அத்தே" என்று கத்தினேன். அவர் அழுதுகொண்டே முடிச்சை வாங்கி, பிள்ளையின் தலையைச் சுற்றி விளக்கடியில் வைத்தார்.

ஜீப் வரவில்லை. வீட்டுக்காரர் நனைந்துகொண்டு தனியாகத் திரும்பியபோது பிள்ளை என் மடியிலேயே அடங்கிவிட்டிருந்தான்.

வேண்டுதல் பலிக்காவிட்டால் முடிந்த காசை வீட்டில் வைக்கக் கூடாது, எறியவும் கூடாது. எதையாவது வாங்கிக் கைமாற்றிவிட வேண்டும். எழுந்து நடமாடத் தெம்பு வந்ததும் திருப்பத்தூர் சந்தைக்குப் போனேன். உப்புக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம காசு இல்லியேம்மா. உப்பு வேணும்னா சும்மா எடுத்துனு போ."

உன் சும்மா உப்பு யாருக்கு வேண்டும் என்று எரிந்து விழுந்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் நீட்டினேன், கண்டக்டரும் திருப்பிக் கொடுத்தார். நாள் முழுக்க அலைந்தும் ஒருவரும் வாங்கவில்லை.

பிறகு ரெண்டு பெண்கள் பிறந்தார்கள். காசு இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது. வரும்போதெல்லாம் தம்பி, "குடுக்கா, கடல்ல போட்டுட்றேன்" என்பான். எறியக் கூடாதுடா என்பேன். சாமியே வந்து எறியச் சொன்னாலும் எறிய மாட்டேன். என் பிள்ளை கையில் பிடித்த காசு அது ஒன்றுதான்.