இரண்டாவது பட்டன்

போன சட்டமன்றத் தேர்தலன்று காலை, மட்டாஞ்சேரி அரிசி மண்டிக்கு எதிரே ஆட்டோவை நிறுத்திவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மனைவியோடு வரிசையில் நின்றேன். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானோ அவள் பக்கம் திரும்பாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய நாடாளுமன்றத் தேர்தலில் அவளுக்காக பட்டனை அமுக்கியவன் நான்தான். பார்வையில்லாதவர்களுக்காகக் கூட வரும் துணை ஆள் ஓட்டுப் போடலாம், அதை எங்கள் ஊரில் ஓப்பன் வோட்டு என்பார்கள். அவள் காதோடு சொன்னது இரண்டாவது பட்டன். நான் அமுக்கியது ஐந்தாவது. ஒரே வீட்டு ஓட்டு ரெண்டு பக்கமாப் போகணுமா என்ற திமிர், வேறென்ன? ரகசியம் காப்பேன் என்று படிவத்தில் கையெழுத்தும் போட்டிருந்தேன். காத்தேன், அவளிடமிருந்தே!

நடுவில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். நானும் நம்பிவிட்டேன்.

இந்தத் தடவை மேஜைக்கு முன்னால் போனதும், நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "சாரே, எனக்குத் துணை வேண்டாம். பிரெய்லி எழுத்துல இருக்கற வேட்பாளர் பட்டியல் தாங்க. நானே போட்டுக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

அதிகாரி மேஜையைத் துழாவினார், பையைக் கொட்டினார். பட்டியலைக் காணோம். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "சேச்சி, சேட்டன் கூடவே இருக்காரே, அவரே அமுக்கட்டும். எல்லாருக்கும் நேரமாகுது" என்றார் அதிகாரி. கட்சி ஏஜெண்டுகள் எங்களையே பார்த்தார்கள். அந்தப் பட்டியல் கிடைக்கவே கூடாது என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். சீ, இப்போது எழுதவே கூசுகிறது.

"கிடைக்கற வரைக்கும் ஓரமா நிக்கறேன் சாரே. மத்தவங்க போடட்டும்" என்றாள். அறையை விட்டு நகரவில்லை. கால் மணி நேரம் நின்றோம். என் முழங்கையில் அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. கடைசியில் படிவக் கட்டுக்கு அடியிலிருந்து பட்டியல் வந்தது. விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் படித்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, மேஜை விளிம்பைத் தொட்டபடி மறைப்புக்குள் போனாள்.

சத்தமே இல்லை. எந்திரத்தில் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரெய்லி எண்ணைத் தடவிக் கண்டுபிடிக்க முடியவில்லையோ? தவறாக அமுக்கிவிடுவாளோ? யாராவது சிரித்துவிட்டால்? என் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. அப்புறம் 'பீப்' என்று நீளமாக ஒரு சத்தம். அப்பாடா!

வீட்டுக்குத் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து சொன்னாள்: "இன்னிக்குத்தான் நான் நினைச்சது விழுந்துது."

"அப்போ போன தடவை?" வாய் சும்மா இருந்தால்தானே.

"உங்க முழங்கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நின்னேன். ரெண்டாவது பட்டன் மேலே இருக்கு. உங்க கை கீழே இறங்கிச்சே, எனக்குத் தெரியாதா?"

வண்டியை ஓரங்கட்டினேன். "அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லைன்னு சத்தியம் பண்ணுவீங்க. அதையும் வேற நான் கேட்டுக்கணுமா?"

தப்புதான் என்றேன். "ம்" என்றாள், அவ்வளவுதான்.

எல்லாம் தெரிந்தும் இரண்டு வருஷம் அதே முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே பஜார் ரோட்டைக் கடந்திருக்கிறாள். இன்றைக்கும் அவள் கை அங்கே வந்து படும்போதெல்லாம், அந்த நம்பிக்கைக்கு நான் லாயக்கானவன்தானா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.