சம்பந்தி வீட்டுக் காருக்கு ஏசி

நாகர்கோவில் பக்கம் கொட்டாரத்தில் எனக்கு ஒரு கார் ஏசி கடை இருக்கிறது. கல்ஃபில் பதினெட்டு வருஷமும் இதே வேலைதான். பானெட்டைத் திறந்து, வெயிலில் வெந்து, கம்ப்ரசர் கழற்றினேன். என் அக்கா வாயில் மட்டும் அது இஞ்சினியர் வேலை. கேட்டால் சிரித்துவிட்டுப் போவேன். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லித் திருத்தியிருக்க வேண்டும்.

அத்தான் இறந்தபோது அக்கா மகளுக்கு ஆறு வயது. லீவில் வந்திருந்த என் தோளில்தான் அழுது தூங்கினாள். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்பா இல்லாத பெண்ணைக் கல்யாணத்தன்று கோயிலுக்குள் கைபிடித்து நடத்திக் கொண்டுபோய், மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்துவது தாய்மாமன். "மாமா, நீங்கதான் வரணும்" என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். போன வருஷம் அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்தன்று நான் மஞ்சள்காமாலையில் படுத்துக் கிடந்ததால் மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்ததில்லை. எழுந்ததும் முதல் வேலையாக நாகர்கோவிலுக்குப் போய்க் கோட்டுத் தைக்கக் கொடுத்தேன்.

அக்கா போன் செய்தாள்.

"மக்கா, ஒரு காரியம் சொன்னா கோவப்படக் கூடாது. சம்பந்திகிட்ட ஒரு பழைய கார் உண்டும். கல்யாணத்தன்னைக்கு பொண்ணும் மாப்பிள்ளையும் அதிலதான் போவணுமாம். ஏசி பாக்க ஒனக்க கடைக்கு வருவாரு. நீ யாருன்னு இப்ப சொல்லிராத. நானே பைய சொல்லிக்கிடுதேன்."

எரிச்சலாகத்தான் இருந்தது. சரி, அவளே சொல்லட்டும் என்று விட்டேன்.

சம்பந்தி வந்தார். ரிட்டயர்டு ஆபீசர். கார் முப்பது வருஷப் பழசு. புதுப் பெயின்ட் மினுங்கியது.

"ஒண்ணும் பிரிக்கண்டாம் தம்பி. கேஸ் மட்டும் அடிச்சுத் தாரும்" என்றார்.

அந்தக் காலத்துக் கேஸ் இப்போது கிடைக்காது. புதுக் கேஸ் போடலாம். ஆனால் உள்ளே கிடக்கும் பழைய ஆயில் அதோடு கலக்காது. எல்லா ஆயிலையும் வடித்து, பைப்பைக் கழுவி, ஈரம் உறிஞ்சும் ட்ரையரையும் ரப்பர் வளையங்களையும் மாற்றி, வேறு ஆயில் விட வேண்டும். சும்மா கேஸ் மட்டும் அடித்தால் இரண்டு மாதம் ஜில்லென்று இருக்கும். பிறகு ஆயில் போய்ச் சேராமல் கம்ப்ரசர் இறுகிவிடும். கல்யாணத்துக்கு அப்போது சரியாக இரண்டு மாதம் இருந்தது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வேறு கதைக்குப் போய்விட்டார்.

"பொண்ணுக்கு தகப்பன் இல்ல. பெரியப்பாதான் கோயிலுக்குள்ள கூட்டிட்டு வாராரு. மாமன் ஒருத்தர் கல்ஃப்ல பெரிய இஞ்சினியராம். லீவு கெடைக்கலியாம், பாவம்."

எனக்கு லீவு கிடைக்கவில்லை என்கிற சேதியை முன்பின் தெரியாத ஒருவர் வந்து, என் கடையில் நின்று, என்னிடமே சொல்கிறார். "அப்படியா சார்" என்றேன்.

அவர் போனதும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஒருக்கா இஞ்சினியர்னு சொல்லியாச்சு மக்கா. இப்ப வந்து கொட்டாரத்துல மெக்கானிக்குன்னு சொன்னா, நாங்க சொன்ன மத்ததையும் பொய்யும்பாவ. அவளுக்க வாழ்க்க போயிரும். ஒனக்கு அது வேணுமா?"

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

போனை வைத்துவிட்டேன்.

சம்பந்தி கேட்டபடியே வெறும் கேஸை அடித்து அனுப்பியிருக்கலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் கேட்டதுதானே. கல்யாணத்தன்று கோயில் வாசலில் கோட்டும் பட்டுமாக வெந்து சாகட்டும். இரண்டு நாள் இதே நினைப்புதான். பொய் சொல்வானேன், இனித்தது. அப்புறம், அந்த வண்டிக்குள் உட்கார்ந்து வேர்த்து வழியப்போவது யார் என்று யோசித்தேன். பாழாய்ப்போன மனசு.

முழுக்கப் பிரித்தேன். ஒரு சொட்டுப் பழைய ஆயில் விடவில்லை. பைப்பில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்க ஒரு மணி நேரம் பம்பை ஓடவிட்டு, மீட்டர் முள் அசைகிறதா என்று பார்த்தபடியே பக்கத்தில் நின்றேன். என் சொந்த வண்டிக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு ஒருமுறை காட்டச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை கொண்டுவந்தான். கல்யாணத் துணி எடுக்கப் போகிற வழியாம். பக்கத்து சீட்டில் அக்கா மகள்.

ஏசி காற்று வரும் துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகிக் குளிர்ச்சி பார்க்க வேண்டும். அது அவள் பக்கம். கதவைத் திறந்து குனிந்தேன். அவள் முகம் ஒரு சாண் தள்ளி இருந்தது. மடியில் இருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். சாப்பிடுகிறாயா என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

"கூலிங் எப்படி இருக்கு?" என்று மாப்பிள்ளை அவளைக் கேட்டான்.

"நல்லா இருக்கு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணா, காத்து நேரா மூஞ்சியில அடிக்குது. கொஞ்சம் திருப்பி விடுங்க" என்றாள்.

திருப்பி விட்டேன்.

"இப்ப சரியா மேடம்?" என்று கேட்டேன்.