கார் ஷெட் தரையும் போடாத கோலமும்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் கிடையாது. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டபோதே அதை விற்றாயிற்று. ஆவடி பருத்திப்பட்டில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வாசல் கதவிலிருந்து தெருவைப் பார்த்த தகர கேட் வரைக்கும் நீளமாக ஒரு சிமெண்ட் தரை, மேலே ஷீட்டு. அதுதான் ஷெட். கார் போன பிறகு காலி சிலிண்டரும் ஓடாத ஸ்கூட்டரும் அங்கே குடித்தனம் செய்துகொண்டிருந்தன.

அந்தத் தரைக்குப் பூச்சு தேடி நான் அலைந்ததைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அழகுக்காக நான் அலையவில்லை. அந்த மனுஷன் நடப்பதற்காக அலைந்தேன்.

பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பிசியோதெரபி பெண் ஒரு நாள் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். "தினமும் நடக்க வைங்கம்மா. இப்படியே உட்கார்ந்துட்டே இருந்தா கால் இறுகிடும். அப்புறம் நான் வந்தும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். சின்னப் பெண்தான். ஆனால் சொன்னபோது முகத்தில் சிரிப்பே இல்லை. 

நடக்கச் சொன்னால் எங்கே நடப்பது? வீட்டுக்குள் நாலு எட்டு வைத்தால் கட்டில் இடிக்கும், திரும்பினால் டிவி ஸ்டாண்டு. தெருவுக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். அவர் ஒரு சத்தம் போட்டால் பட்டறை முழுக்க அடங்கும். "கால இழுத்துகினு தெருவுல போவணுமா? எல்லாம் வேடிக்கை பாக்கவா? நான் இன்னா சர்க்கஸ் கரடியா?" என்று கேட்டார். வாய் ஒரு பக்கம் கோணினாலும் பேச்சு மட்டும் குறையவில்லை.

மிச்சம் இருந்தது ஷெட்தான். கேட்டைச் சாத்தினால் ஒருத்தர் கண்ணும் படாது. ஸ்கூட்டரையும் சிலிண்டரையும் அப்புறப்படுத்திவிட்டு நடக்க வைத்தேன். அந்தத் தரை இருக்கிறதே, அதைப் போட்ட மேஸ்திரியை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சிமெண்டு குறைவு, மணல் கூட. தேயத் தேயப் பள்ளம் பள்ளமாகி, பெருக்கப் பெருக்க மாவு மாதிரி தூசி வரும். அவருக்கு இடது பாதம் தூக்க வராது, தேய்த்துக்கொண்டுதான் வரும். ஒரு பள்ளத்தில் விரல் மாட்டி அப்படியே முன்னால் சாய்ந்தார். நான் இடுப்பைக் கட்டிப் பிடித்ததால் தப்பித்தார். அதோடு சரி. "உட்டுடு, எனக்கு இது போதும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தவர், பிசியோதெரபி பெண் கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை.

டைல்ஸ் போடலாம் என்று ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். பழைய தரையை உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் மேலேயே உயர்த்திப் போட வேண்டும் என்றார். உயர்த்தினால் வாசலில் தடுக்குகிற மாதிரி ஒரு மேடு வரும். விரலை மாட்டிவிட நானே கூலி கொடுத்து ஒரு மேடு கட்டுவதா? டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அப்போதுதான் கம்பெனித் தரை ஞாபகம் வந்தது. நானும் அதே கம்பெனியில் பீஸ் செக் பண்ணுகிற பிரிவில் இருந்தவள்தான். தரை முழுக்கப் பச்சை நிறத்தில் எபாக்சி என்கிற பூச்சு. வழவழவென்று, ஒரு விரிசல் இல்லாமல் இருக்கும். நடுவில் இரண்டு மஞ்சள் கோடு. ஆட்கள் அந்தக் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும், வெளியே வண்டிகள் ஓடும். கோட்டைத் தாண்டி யார் கால் வைத்தாலும் இவர் விசில் ஊதுவார். கட்டிக்கொண்ட பெண்டாட்டி என்றுகூடப் பார்க்காமல் எனக்கும் ஊதியிருக்கிறார். "ந்தாமே, மஞ்சக் கோட்டுக்குள்ள நட!" என்று அத்தனை பேர் முன்னால் கத்துவார். அன்றைக்கெல்லாம் வீட்டில் குழம்பில் உப்பு இருக்காது.

சரி, எபாக்சிதான் என்று முடிவு பண்ணிக் கடை கடையாக ஏறினேன். ஆள் வைத்துச் செய்தால் கூலியே பொருளைவிட அதிகம் என்று தெரிந்தது. நாமே செய்துகொள்வது என்றால் எதை வாங்குவது? அம்பத்தூரில் ஒரு கடையில் ஒற்றை டப்பாவைக் காட்டி, "இதுவும் எபாக்சிதான்மா, ரொம்ப சீப்" என்றார்கள். எபாக்சி என்றால் இரண்டு டப்பா வரும், ஒன்றில் பூச்சு, இன்னொன்றில் அதை இறுக வைக்கிற மருந்து, இரண்டையும் கலந்தால்தான் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் பார்த்தவள் தலையிலேயே மிளகாய் அரைக்கப் பார்த்தார்கள். பூந்தமல்லியில் வேறொரு கடையில் இரண்டு டப்பாவாக இரண்டு ரகம் இருந்தது. விலை குறைந்தது தண்ணீர் மாதிரி ஓடியது. பள்ளம் மூட மூன்று தடவை அடிக்க வேண்டும். விலை கூடினது தேன் மாதிரி கெட்டி. ஒரு தடவைக்கே நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் குறைந்த விலைதான் அதிகச் செலவு.

கடைக்காரர் கெட்டி ரகத்தைப் பூசிய மாதிரிப் பலகையை எடுத்து வைத்தார். கண்ணாடி மாதிரி பளபளப்பு. "மொகம் பாக்கலாம்மா" என்றார் பெருமையாக. முகம் பார்க்க எனக்கு வீட்டில் பீரோ இருக்கிறது. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து பலகை மேல் கொஞ்சம் ஊற்றினேன். செருப்பைக் கழற்றி அதன் மேல் வைத்துத் தேய்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

"இன்னாம்மா, செருப்ப எடுத்து டேபிள் மேல வச்சிகினு!" என்று அவர் பதறினார்.

"கோவிச்சுக்காதீங்க. கால் வராத ஆளு நடக்கப் போறாரு. இது வழுக்குது, பாருங்க" என்றேன்.

பதற்றம் தணிந்து உள்ளே போனவர் ஒரு சின்ன மூட்டையோடு வந்தார். சர்க்கரையைவிடப் பொடியான வெள்ளை மணல். பூச்சு ஈரமாக இருக்கும்போதே தூவிவிட்டு ரோலரை ஒரு முறை மேலே ஓட்டினால் பிடிப்பு கிடைக்குமாம். கெட்டி ரகத்தோடு அதையும், கோடு போட மஞ்சளில் ஒரு சின்ன டப்பாவும் வாங்கினேன்.

ஏரிப் பக்கம் வீடு என்பதால் தரையில் ஈரம் ஏறுகிறதா என்று கடைக்காரர் பார்க்கச் சொல்லியிருந்தார். ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி விட்டேன். மறுநாள் எடுத்தால் உள்பக்கம் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. நல்ல வெயில் காலம். பழைய ஆயில் கறையைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, பள்ளத்தை எல்லாம் அடைத்து, காய விட்டேன்.

வாடை அவருக்கு ஆகாது, காய்கிற வரைக்கும் ஷெட்டில் கால் வைக்கவும் முடியாது. அதனால் வேப்பம்பட்டில் இருக்கும் என் நாத்தனார் வந்து அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வாடகைக் கார் வந்தது. காலை மடக்க முடியாமல் அவரைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். வலியில் முனகினார். எதிர்வீட்டுப் பால்கனியில் யாரோ நிற்பது தெரிந்தது. நின்று பேச எனக்கு நேரமில்லை.

மறுநாள் கேட்டைச் சாத்திக்கொண்டு தனியாகவே அடித்தேன். கலந்து வைத்தால் வாளியிலேயே சூடேறி இறுகிவிடும் என்பதால் கலந்த உடனே தரையில் நீளமாக ஊற்றி, கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் பின்னாலேயே நகர்ந்து வந்தேன். ரோலருக்குப் பின்னாலேயே மணலும் தூவினேன். முதுகு விட்டுப் போயிற்று. ஆனால் சாம்பல் நிறத்தில் அந்தத் தரை ஒரே சமமாகக் கிடந்ததைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணப் புடவையைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. கொல்லைக் கதவைப் பூட்டிக்கொண்டு சந்து வழியாக ஸ்டேஷனுக்குப் போய் வேப்பம்பட்டுக்கு ரயில் ஏறினேன். அடுத்த நாள் மத்தியானம் அதே வழியாக வந்து மஞ்சள் கோடு போட்டுவிட்டுத் திரும்பினேன்.

அதற்கும் அடுத்த நாள் காலையில் வந்து கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். கல். உள்ளே அடைந்து கிடந்த வாடை போகட்டும் என்று கேட்டைத் திறந்தேன்.

தெருவில் என்னமோ சரியில்லை. எங்கள் வாசல் தெளிக்காமல் கிடந்தது. நான்தான் ஊரில் இல்லையே. ஆனால் எதிர்வீட்டிலும் கோலம் இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. அந்தப் பக்கம் நாலு வாசலும் வறண்டு கிடந்தன. ஐயோ, தெருவில் யாரோ தவறிவிட்டார்களே, நான் இல்லாத நேரமாய்ப் பார்த்து இப்படி ஆயிற்றே என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"யாருக்கா? யார் போய்ட்டாங்க?" என்று கேட்டேன்.

அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். "என்னாடி இப்டி கேக்கற! தனியா இன்னா பாடு பட்டியோ! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க வந்திருக்க மாட்டமா?"

 எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி புரிந்தது. மனுஷனைப் படுக்க வைத்துக் காரில் கொண்டுபோனார்கள். மறுநாள் வாசல் தெளிக்கவில்லை, கோலம் இல்லை. உள்ளேயிருந்து மருந்து வாடை. வீடு பூட்டியிருக்கிறது. போன் பண்ணி எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு, அவர்களாகவே கதையை முடித்துவிட்டார்கள். மரியாதைக்குத் தங்கள் வாசலிலும் கோலத்தை நிறுத்திவிட்டார்கள்.

"எக்கா! அவரு வேப்பம்பட்டுல இட்லி துன்னுகினு கீறாரு!" என்று கத்தினேன்.

அக்காவின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வாசலுக்கு வந்தார். முன்பு என் வீட்டுக்காரரோடு ஒன்றாகச் சீட்டாடியவர், பஸ் டிரைவராக இருந்தவர். அவர் கையில் பெரிய பிளாஸ்டிக் பை. அதிலிருந்து ஒரு சாமந்தி மாலை எட்டிப் பார்த்தது. பாடி எந்நேரமும் வரலாம் என்று விடிந்ததும் வாங்கி வைத்தாராம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "உயிரோட கீற மனுஷனுக்கு மாலையா? அவரு படுத்த நாளா எத்தனை பேரு வந்து எட்டிப் பார்த்தீங்க? போவாரு போவாருன்னு காத்துகினு இருந்தீங்களா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மறுபடியும் அழுதாள். கேட்டை அறைந்து சாத்திவிட்டு உள்ளே வந்து நானும் அழுதேன். அவர்கள் மேல் கோபம் பாதி. மீதியைச் சொல்லத்தான் பயமாக இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷனைப் பார்த்துப் பார்த்து, அவர் போய்க்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அவரிடம் சொல்லக் கூடாது என்றுதான் வேப்பம்பட்டுக்குப் போனேன். ஆனால் என் வாயில் எது தங்கியிருக்கிறது? செருப்பைக் கழற்றுவதற்குள் கொட்டிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். வாயின் நல்ல பக்கம் மட்டும் சிரித்தது, தோள் குலுங்கியது. அவர் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று! நாத்தனார் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

"வண்டியக் கூப்டுமே" என்றார். "ஊட்டுக்குப் போலாம்."

சாயங்காலம் கொல்லைப் பக்கமாகவே வந்து இறங்கினோம். கைத்தாங்கலாக வாசல் கதவு வரைக்கும் கூட்டி வந்து நிறுத்தினேன். அவர் ஷெட்டைப் பார்த்தார். சாம்பல் தரை, அதன் நடுவே வாசலிலிருந்து கேட் வரைக்கும் நேராக இரண்டு மஞ்சள் கோடு. வெகு நேரம் பார்த்தார்.  நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன்.

"இன்னாமே, கோட்டுக்கு வெளியே நிக்கற?" என்றார்.

குனிந்து பார்த்தேன். வெளியேதான் நின்றிருந்தேன். உள்ளே வந்து பின்னால் நின்றுகொண்டேன். அவர் ஊன்றுகோலை வைத்தார், நல்ல காலை வைத்தார், இடது காலை இழுத்தார். அது எங்கேயும் மாட்டவில்லை, வழுக்கவும் இல்லை. மறுபடியும். நடுவில் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் மூச்சே விடவில்லை. இரண்டு கோட்டையும் ஒரு தடவைகூட மிதிக்காமல் கேட் வரைக்கும் போய்விட்டார்.

"தொற" என்றார்.

"தெருவுல எல்லாம் இருப்பாங்கய்யா."

"அதுக்குத்தான் சொல்றேன். தொற."

திறந்தேன். எதிர்வீட்டு அண்ணன் வாசலில் நின்றிருந்தார். பால் வாங்க வந்தவர்கள் நின்றார்கள். பால்கனிகளில் தலைகள். அத்தனை பேரும் இவரையே பார்த்தார்கள். இவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"இன்னா மச்சான்," என்று இழுத்து இழுத்துக் கேட்டார். "மாலை வாங்கினியாமே? எங்க, கொண்டா பாக்கலாம்."

அண்ணன் தெருவைத் தாண்டி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிக்க மாமே, மன்னிச்சிக்க" என்பதைத் தவிர அவரால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. இவர் அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார். "நாளைக்கு வா. நடந்துட்டு ஒரு ஆட்டம் போடலாம்" என்றார்.

திரும்பி நடக்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாதி வழியில் நின்றார்.

"காலைல எழுந்து கோலம் போடு," என்றார். "பெருசா போடு."