ஆறு மணிக்கு அணையும் பச்சை விளக்கு

இணைய இணைப்பைச் சரிசெய்கிற தொழிலுக்கு மூலதனம் மூன்றே சொற்கள்: 'ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க.' மோடத்தின் சிவப்பு விளக்கை வெறித்தபடி எங்களைத் திட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு ஓர் ஆறுதல்: மறுமுனையில் இருக்கும் எனக்கும் பெரும்பாலும் ஒன்றும் புரிவதில்லை. தறி மெக்கானிக்காக இருந்து, நாற்பது வயதுக்கு மேல் வீடியோ பார்த்து இந்தத் தொழிலைக் கற்றவன். இப்போது குமாரபாளையத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் இரவுப் புகார்களைக் கேட்கிறேன். ராத்திரியில் தூக்கம் எப்படியும் வருவதில்லை, சும்மா விழித்திருப்பானேன் என்று சேர்ந்துவிட்டேன்.

எதை ஆஃப் பண்ண?

எங்கள் வாடிக்கையாளர் சரசுவின் வீட்டில் முன்கட்டில் விசைத்தறிகள், பின்கட்டில் குடித்தனம். கணவர் போர்வெல் லாரியோடு மத்தியப் பிரதேசத்தில். அந்தச் சந்துக்குள் செல்போன் சிக்னல் பேசுகிற அளவுக்குத்தான் வரும், வீடியோவுக்கு எட்டாது. அவர் முகத்தைப் பார்ப்பதற்கென்றே எங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தார்கள்.

முதல் புகாருக்கு வழக்கமான மருந்தைச் சொன்னேன். எதை ஆஃப் பண்ண வேண்டும் என்று சொல்லவில்லை. போனுக்குள் தடதடத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று அடங்கியது. வேலை செய்துவிட்டது என்று ஒரு கணம் பூரித்துப்போனேன்.

"ஏனுங்கண்ணா, நெட்டும் வரலீங்க, இப்பத் தறியும் நின்னுபோச்சுங்க. எதைய மொதல்ல சரி பண்ண வாரீங்க?"

பஞ்சு படாத இடம்

காலையில் வேலை முடிந்து போகிற வழியில் போய்ப் பார்த்தேன். மோடம் தறிக்கு மேலே பலகையில் இருந்தது. அதற்குள் ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு. ஊதித் தள்ளிவிட்டு, "பஞ்சு படாத எடமாப் பாத்து வைங்க" என்று மேதாவி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து புது வியாதி. பகலெல்லாம் நன்றாக ஓடும். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அறுந்துபோகும். கொஞ்ச நேரத்தில் தானாக வந்துவிடும். மறுபடி காலையில் போனேன். மோடம் இப்போது சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில். வீட்டிலேயே பஞ்சு இல்லாத இடம் அதுதான். பாராட்டினேன். மோடத்தை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், தெருமுனைக் கம்பத்தில் ஏறி இறங்கினேன். ஆற்றுக் காற்றில் பாலத்துக் கேபிள் ஆடுகிறது என்று காவேரி மேலும் ஒரு பழியைப் போட்டேன்.

சரசு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம ராகு காலம் முடிஞ்சு ஆறு மணிக்கு மேல கவிதாவப் பொண்ணு பாக்க வாராங்க. அவங்கப்பாவுக்கு லீவு கெடைக்கல. போன்லதான் மாப்பிள்ளையப் பாக்கோணும். எம்புள்ள கல்யாணம் இப்ப உங்க ஒயர்லதானுங்க தொங்குது."

ஞாயிறு, ராகு காலம் முடிந்து

தூக்கத்தை விட்டுவிட்டு நேரத்திலேயே போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்துக் கும்பிட்டார். மறுக்கத் தைரியமில்லாமல் நானும் கும்பிட்டேன்.

சொம்பில் சாய்த்து வைத்த போனில் கவிதாவின் அப்பா. பின்னால் போர்வெல் ரிக் வண்டி, சட்டையெல்லாம் கல்தூள், தலை மட்டும் படிய வாரியிருந்தது. "காட்டுல என்னங்க மாப்பிள்ளை வெள்ளாமை வெச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தவர் வாய் திறந்தபடி உறைந்துபோனார். எல்லாரும் அந்த வாயையே பார்த்தார்கள். கவிதா கதவுக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்றாள்.

உள்ளே ஓடினேன். சாமி அலமாரி முன்னால் சரசு. விளக்கேற்றியாகிவிட்டது. முருகனைச் சுற்றிச் சீரியல் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. சரசுவின் கையில் மோடத்தின் பிளக்.

"ஏனுங்கம்மிணி, இதையத் தெனமும் புடுங்கறீங்களா?"

"ஆமாங்க. வெளக்கு வெக்கற நேரத்துக்கு லைட்டுப் போடோணுமில்ல. கும்புட்டுட்டுத் திருப்பி மாட்டிருவனுங்க. இங்க ஒரு பிளக்குதான இருக்குது."

"அவரு அங்க வாயத் தொறந்தபடி நிக்கறாருங்க."

சரசு பிளக்கைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார். பிறகு சீரியல் பல்பைப் பிடுங்கிவிட்டு மோடத்தை மாட்டினார்.

"சாமி ஒரு நாளைக்கு இருட்டுல இருக்கட்டுமுங்க. அவரு மொதல்ல புள்ளையப் பாக்கட்டும்."

கம்பத்தில் ஏறியும் காவேரியைத் திட்டியும் தேடிய எனக்கு, ஒரே ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. காரணம் ஒன்றுதான்: எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வருவது விளக்கு வைக்கும் நேரத்தில்தான்.