படித்துப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்

பந்தய ஆப்களின் விதிமுறைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் படித்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. எங்கள் தெருவில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த ஒரே பிள்ளை நான்தான் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை, சாப்பாடு எங்கள் வீட்டில். தீபாவளி முடிந்தால் கம்பெனிகள் கொஞ்ச காலம் மூடிக் கிடக்கும். வேனும் வேப்பமரத்தடியில் சும்மா நிற்கும். மாமா பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பார். அந்த வருஷம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை வேனுக்குள் கூப்பிட்டார்.

"மருமகளே, இதுல என்ன போட்டிருக்கான்னு வாசி பாப்போம்."

கால்பந்து ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று சரியாகச் சொன்னால் பணம், முதல் பந்தயம் இலவசம் என்று போட்டிருந்தது.

"இலவசம்னா? நம்ம காசு போட வேண்டாமா?"

"வேண்டாமாம் மாமா."

"தோத்துட்டா?"

"ஒண்ணும் போகாதாம்."

மாமா எழுந்து உட்கார்ந்தார்.

எங்கள் ஊரில் கால்பந்தை யாரும் ஆடிப் பார்த்ததில்லை. மாமாவுக்குக் கபடி தெரியும், கிரிக்கெட் தெரியும். முதல் நாள், "இதுல மொத்தம் எத்தனை ஓவரு?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. அணிகளின் பெயர் வாயில் நுழையாததால் நீலச் சட்டை, சிவப்புச் சட்டை என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஆட்டம் எங்கோ சீமையில், நாங்கள் தூங்கும் நேரத்தில் நடக்கும். காலையில் பல் விளக்கிக்கொண்டே முடிவைப் பார்ப்போம். ஒரு ஆட்டத்தைக்கூட நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரே வாரத்தில் மாமாவின் போனில் ஐந்து ஆப்கள் சேர்ந்துவிட்டன. அவற்றையும் நிறத்தால்தான் சொல்வோம். பச்சை, மஞ்சள், ஊதா, கறுப்பு, ஆரஞ்சு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஆசை காட்டியது. எதில் நமக்கு லாபம் அதிகம் என்று பார்த்துச் சொல்லும்படி மாமா கேட்டார். நான் சமூக அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். பச்சையில் முதல் பந்தயம் இலவசம். மஞ்சளில் நாம் எவ்வளவு போடுகிறோமோ அதே அளவு அவர்களும் போடுவார்கள். ஊதாவில் தோற்றால் பணம் திரும்ப வரும். கறுப்பில் இரண்டு பக்கமும் கோல் அடிக்காமல் ஆட்டம் முடிந்தால் மட்டும் திரும்ப வரும். ஆரஞ்சில் இன்னொரு ஆளைச் சேர்த்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஏதோ உண்டு. ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடை விளம்பரங்களை வைத்துக்கொண்டு அம்மா யோசிப்பாள் அல்லவா, அதே மாதிரிதான் நானும் யோசித்தேன். பரீட்சைக்குக்கூட அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. 'கண்டிஷன்' என்று தலைப்புப் போட்டிருந்தேன். பொடி எழுத்தில் கீழே இருந்ததையெல்லாம் அதில் எழுதினேன். புரியாத வார்த்தைகளைப் பள்ளிக்கூடத்து அகராதியில் தேடினேன். மஞ்சள் தரும் பணத்தைப் போலப் பத்து மடங்குக்குப் பந்தயம் ஆடித் தீர்த்தால்தான் அதை வெளியே எடுக்க முடியும். ஊதா திருப்பித் தருவது பணமே இல்லை, இன்னொரு பந்தயம். அதையும் ஒரு வாரத்துக்குள் ஆடாவிட்டால் போய்விடும். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது.

"எல்லாக் கடையிலயும் இப்படி நாலு சொல்லத்தான் செய்வான் தாயி. நீ நல்லத மட்டும் வாசி."

அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கடைசிக் கட்டம் இல்லாமல் புதிதாக வரைந்தேன். பார்க்கவும் நன்றாக இருந்தது. மாமா அதைப் போனில் படம் எடுத்து மற்ற வேன் டிரைவர்களிடம் காட்டினார். "எங்க அக்கா மக. இவதான் நம்ம மேனேஜர்" என்றார். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்து, "மேனேஜரம்மா, இன்னைக்கு நீலமா செவப்பா?" என்று கேட்டார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மாமா எவ்வளவு தோற்றார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மார்கழி பிறந்தபோது ஐந்து ஆப்களிலும் சலுகை தீர்ந்துபோயிற்று. "எல்லாம் புதுசா வர்றவுகளுக்குத்தான் குடுக்கான்" என்றார் மாமா சலிப்போடு. புது ஆள் வேண்டுமென்றால் புது நம்பர் வேண்டும், புது ஆதார் வேண்டும், புது பேங்க் கணக்கு வேண்டும். அம்மாவிடம் பட்டன் போன்தான் இருந்தது. அப்பா கேலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் போனால் வாரக் கணக்கில் வரமாட்டார். மிச்சம் இருந்தது சித்தி.

சித்தி அம்மாவுக்குத் தங்கை, மாமாவுக்கு அக்கா. பக்கத்துத் தெரு. சித்தப்பா திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தார். சித்தி பட்டாசுக் கம்பெனியில் திரி வைப்பாள். மருந்து பட்டுப் பட்டு விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் அவள் விரல் வைத்தால் போன் திறக்காது. நம்பர் போட்டுத்தான் திறக்க வேண்டும். அந்த நம்பரை அவளுக்கு வைத்துக் கொடுத்ததே நான்தான். கேஸ் புக் செய்வது, சித்தப்பா அனுப்பும் பணம் வந்துவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் நான்தான். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண். அந்தத் தங்கச்சியையும் என் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று சித்தி வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கணக்கில் போட்டு வந்தாள். "அக்கா மாதிரி டஸ்ஸு புஸ்ஸுன்னு பேசணும்" என்று அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு என் எதிரிலேயே சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். மாமா தெருமுனையில் நின்றுகொண்டார். சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, ஒங்க ஆதார் கார்டு வேணும். போனும் வேணும்."

"என்னத்துக்கு தாயி?"

"ஸ்கூல்ல கேட்டாக."

இப்படிச் சொல்லும்படி மாமா எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் பொய் என்னுடையது. சித்தி கையை முந்தானையில் துடைத்துவிட்டு எழுந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து கார்டை எடுத்துத் தந்தாள். எதற்கு என்று மறுபடி கேட்கவில்லை. ஸ்கூல் கேட்டது என்றால் தன் மகளைச் சேர்க்கத்தான் ஏதோ என்று நினைத்திருப்பாள் போல. "சீக்கிரம் சேத்துக்கிடுவாகளா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

பச்சை ஆப்பில் அவள் பெயரை அடித்தேன். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. 'விதிமுறைகளைப் படித்துப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்.' ஊரில் எல்லோரும் படிக்காமலேயே அதை அமுக்குவார்கள். நான் படித்திருந்தேன். ஒருவர் பெயரில் இன்னொருவர் ஆடக்கூடாது, நடப்பதற்கெல்லாம் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று இங்கிலீஷில் தெளிவாக இருந்தது. 'பொறுப்பு' என்பதற்கு அகராதி பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அமுக்கினேன்.

சித்தியின் இலவசப் பந்தயம் ஜெயித்துவிட்டது. சிவப்புச் சட்டைக்காரர்கள் கடைசி நிமிஷத்தில் கோல் போட்டார்களாம். பணம் சித்தியின் கணக்குக்கு வந்தது. அவள் போனிலிருந்து அதை மாமாவுக்கு அனுப்பி, வந்த மெசேஜையும் அழித்தேன். மாமா விருதுநகருக்கு அழைத்துப் போய் எண்ணெய் பரோட்டா வாங்கித் தந்தார். சித்திக்கும் தங்கச்சிக்கும் ஒரு பார்சல். "ஏது இது?" என்று சித்தி கேட்டதற்கு, "ஒரு ட்ரிப்பு கூடுதலா கெடச்சது" என்றார். தங்கச்சி வாயெல்லாம் எண்ணெயாகச் சாப்பிட்டாள். அன்று எங்கள் எல்லோருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கை ஆரம்பித்த வாரம் சித்தி பணம் எடுக்க பேங்குக்குப் போனாள். கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இங்கிலீஷில் இருந்தது. மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மறுபடி போனாள். பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாள். "நீ அவுககிட்ட இங்கிலீஷ்லயே கேளு. அப்பத்தான் மதிப்பாக" என்றாள்.

பேங்கில் கூட்டம். வரிசையில் நின்றபடி அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டினாள்.

"என்ன தாயி போட்டிருக்கு?"

முழுவதும் படித்தேன். வேறு மாநிலத்தில் யாரோ ஒருவர் ஏமாந்து போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார். அவருடைய பணம் பந்தய ஆப் வழியாகப் பல கணக்குகளுக்குப் போயிருக்கிறது. அதில் ஒன்று சித்தியின் கணக்கு. விசாரணை முடியும்வரை பணத்தைத் தொட முடியாது. ஒரு வரிகூட எனக்குப் புரியாமல் இல்லை.

"தெரியல சித்தி."

"நல்லாப் பாரு. எழுத்துக் கூட்டி வாசி."

"எனக்கு வெளங்கல. இது வேற மாதிரி இங்கிலீஷ்."

அவள் என்னையே பார்த்தாள். சந்தேகமோ கோபமோ அந்தப் பார்வையில் இல்லை. என்னைக் கஷ்டப்படுத்திவிட்டோமோ என்பது போல, "சரி விடு" என்று காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டாள்.

கவுன்ட்டரில் இருந்த அதிகாரியம்மாதான் தமிழில் சொன்னார். சத்தமாகச் சொன்னார். "ஆன்லைன்ல பந்தயம் கட்டுனீங்களாம்மா?"

"நானா? பந்தயமா?" சித்திக்குச் சிரிப்புக்கூட வந்தது. பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர் அவள் விரலில் படிந்திருந்த மருந்துக் கறையைப் பார்த்துவிட்டு, "திரி வைக்கிற கையி, பந்தயம் வைக்காதா?" என்றார். அப்போதுதான் சித்தியின் சிரிப்பு நின்றது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "ஒங்க போனை வேற யாருகிட்டயும் குடுத்தீங்களா?" என்று அந்த அதிகாரியம்மா கேட்டபோது, "வெளி ஆளுக யாருகிட்டயும் குடுக்கல மேடம். எங்க வீட்டுப் புள்ளைகதான் பாக்கும்" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலையே மாமா ஒப்புக்கொண்டுவிட்டார். அம்மா அவரை விளக்குமாற்றால் அடித்தாள். அவர் தடுக்கவில்லை. "புள்ளைய ஒண்ணும் சொல்லாதீக. அதுக்கு என்ன தெரியும்? நான் அமுக்கச் சொன்னத அமுக்குச்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பி, "ஒனக்குத் தெரியாதுல்ல தாயி?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். கட்டம் போட்ட அந்த நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன்.

மாமா விருதுநகருக்கும் ஊருக்குமாகப் பலமுறை அலைந்தார். யார் யாரையோ பார்த்து எழுதிக் கொடுத்தார். கணக்கு திறந்தபோது ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது. சேர்க்கை எப்போதோ முடிந்துவிட்டது. தங்கச்சி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சித்தி ஆசைப்பட்டது அது இல்லை. மாமா பந்தயத்தை விட்டுவிட்டார். போனையும் விற்றுவிட்டு என் அம்மாவைப் போலப் பட்டன் போன் வைத்துக்கொண்டார். அடுத்த சீசனிலிருந்து சித்தி அவருடைய வேனில் ஏறவில்லை. பஸ்ஸில் போனாள்.

மறுவருஷம் சேர்க்கை வந்தது. சித்தி கையில் பணம் இருந்தது. ஒருநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா கேட்டாள்: "இந்தத் தடவையாவது அவளக் கொண்டு போயிச் சேத்துவிடேன். இவ கூடவே போயிட்டு வருவா."

நான் அதே அறையின் ஒரு மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தங்கச்சி என் பக்கத்தில் படுத்து என் கலர் பென்சிலால் எதையோ தீட்டிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்க்கா" என்றாள் சித்தி. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், எனக்குக் கேட்கக்கூடாது என்று. "எட்டு வருஷம் அம்புட்டுச் செலவழிச்சுப் படிக்க வச்சீக. அன்னைக்கு பேங்குல ஒரு கடுதாசிய வாசிக்கத் தெரியாம அந்தப் புள்ள முழிச்சத நான் பாத்தேன்ல. பாவம், மூஞ்சி செத்துப்போச்சு. அங்கன ஒண்ணும் சொல்லிக் குடுக்கல, காச மட்டும் வாங்குறாக. எம்புள்ளைக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்."

நான் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்தக் காகிதம் அப்போதும் எனக்கு வரிக்கு வரி மனப்பாடமாக இருந்தது. எழுந்து போய், எனக்குத் தெரியும் சித்தி, எல்லாம் தெரியும் என்று சொல்ல அந்த அறையில் நாலடி தூரம்தான். ஆனால் சித்தி சொன்னதைக் கேட்டதும் எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. ஒரு வருஷமாக அவளுக்குச் சந்தேகம் இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். நான் சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டாள் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. மற்றபடி, சித்தி ஏதோ மனக்குறையில் பேசுகிறாள், அடுத்த வருஷம் சேர்த்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தங்கச்சி பச்சைப் பென்சில் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுப்பாடத்தை எழுதி முடித்தேன்.